பாலத்தடியில் காத்திருந்தவர்கள்

அத்தியாயம் 4

பார்ட்டி என்றால் பார்ட்டி என்றுதான் பூதக்கண்ணாடி அக்கா நினைத்தார். அதனால்தான் கழுத்தில் முத்துமாலை, காலில் அரை முழ உயரச் செருப்பு, கையில் வண்ணத்தாள் சுற்றிய சுவர்க்கடிகாரம் என்று சகல அலங்காரத்தோடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சமுதாயக் கூடத்தின் வாசலில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. கூடம் முழுக்க மேசை, மேசை முழுக்கக் கம்ப்யூட்டர், தரை முழுக்க வயர். உலகத்தில் உற்பத்தியான வயரில் பாதியை அங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். மீதிப் பாதியைத் தோளில் சுற்றிக்கொண்டு ஒருவர் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"நீதானேடா பார்ட்டின்னு சொன்ன" என்று அக்கா பல்லைக் கடித்தார்.

"நான் என்னத்தைக் கண்டேன், எனக்கும் இதுதான் முதல் தடவை" என்றான் பின்னால் நின்ற வால். "அந்தக் கடிகாரத்தை மறைச்சுக்கோக்கா. டிக் டிக்னு கேக்குது, பாம்னு நினைச்சு ஓடிடப் போறாங்க."

வால் என்பது அக்காவின் கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதில் அக்கா போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனதால் ஒட்டிக்கொண்ட பெயர். மீசை முளைத்து, அதில் நரையும் எட்டிப் பார்த்த பிறகும் பெயர் உதிரவில்லை, பின்னால் போவதும் நிற்கவில்லை. அக்காவின் துப்பறியும் நிறுவனத்தில் அவன்தான் ஒரே உதவியாளன். வாய் மட்டும் ஓயாது. தூக்கத்தில்கூட யாரையாவது நக்கலடித்து, அதற்குத் தானே சிரித்து, அந்தச் சத்தத்தில் தானே விழித்துக்கொள்வான்.

ஆளாளுக்குத் தங்கள் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தைபோல வீட்டிலிருந்து தூக்கிவந்து, எல்லாவற்றையும் வயரால் ஒன்றோடொன்று பிணைத்து, ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் லேன் பார்ட்டி. சுடுவது திரைக்கு உள்ளே, திட்டுவது வெளியே. மாதம் ஒரு ஞாயிறு இந்தக் கூடத்தில் நடக்கும். இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கியவள் கேப்டன்.

கேப்டன் யாரென்றால், அக்காவின் அலுவலகத்துக்கு நேர் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெண். பகலெல்லாம் ஊரார் மூக்கை அளப்பாள். மாலையில் கடையின் பின்னறையில் தன் படையோடு பயிற்சி. படை என்றால் மொத்தம் நாலு பேர். அவள் ஒருத்தி. பேக்கரியில் வேலை செய்யும் ரொட்டி இரண்டாமவன். வீடுவீடாகப் போய் மின்சாரக் கணக்கெடுக்கும் மீட்டர் மூன்றாமவர். நின்ற இடத்தில் கண்ணயரக்கூடிய நர்ஸ் ஒருத்தி, தூக்கம் என்ற பெயருடையவள், நான்காவது.

அலுவலகத் தரையில், எந்தக் காலத்திலோ தண்ணீர்க் குழாய் போன இடத்தில், முஷ்டி அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. கீழே நடக்கும் யுத்தம் முழுவதும் அதன் வழியாக மேலே வந்து சேரும். போன மாதம் ஒரு பெண்மணி தன் கணவரைப் பற்றி அழுதுகொண்டே சொல்லும்போது, கீழேயிருந்து "விடாதே, தலையிலயே போடு" என்று குரல் வந்தது. பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த யோசனையைப் பரிசீலிக்கவே தொடங்கிவிட்டார். அக்கா ஓட்டையில் துணியைத் திணித்து வைப்பார். காற்று வரவில்லை என்று வால் அதைப் பிடுங்கிவிடுவான்.

அந்தக் கேப்டன்தான் போன வாரம் மாடியேறி வந்தாள். தங்கள் படையின் திட்டம் ஒவ்வொரு மாதமும் எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது என்றாள். எதிரி என்றால் கழுகுப் படை. இவர்கள் எந்த வழியாகப் போனாலும் கழுகுகள் நாலும் அங்கே பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. நாலு பேருக்குத் தெரிந்த திட்டம் வெளியே போகிறதென்றால், தன்னைக் கழித்துவிட்டால், மூன்று பேரில் ஒருவர்.

விளையாட்டுக் கேஸெல்லாம் நமக்கெதற்கு, நாளைக்குத் தாயக்கட்டையைத் தொலைத்தவன் வருவான் என்று வால் கிண்டல் செய்தான். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கேப்டன் அடுத்துச் சொன்னது அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"ரொட்டிக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமாயிருக்குக்கா. அது அவனா இருந்துட்டா நிறுத்திடுவேன். விளையாட்டுலயே என்னை விக்கறவன்கூட வீட்டுல எப்படி வாழறது?"

ஆக, விளையாட்டு யாருக்கு, வினை யாருக்கு என்பது புரிந்துவிட்டது. அதற்குத்தான் இந்த முத்துமாலைப் பிரவேசம்.

வாசலிலேயே வயர் தோள்காரர் மறித்தார். கூடத்தை நடத்துபவர் அவர்தான். லிஃப்ட் மெக்கானிக். எல்லோருக்கும் வயர் அண்ணன். புதிதாக வந்தவர்களிடம் சட்டம் சொன்னார். கைப்பேசியைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட வேண்டும், போகும்போதுதான் கிடைக்கும். அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது. தன் படையைக் காட்டிக்கொடுத்தவர் பிடிபட்டால் மைக்கில் அறிவித்து, அவர் நாற்காலியை மேசைமேல் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு ஆயுசுக்கும் இந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. கடைசியாக ஒன்று. முதல் தடவை வருகிறவர்கள்தான் ஆட்டத்துக்கு முன்னால் எல்லா மேசைக்கும் டீ கொடுக்க வேண்டும். அது இந்தக் கூடத்து மரியாதை. எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் முதல் நாள் தட்டேந்தித்தான் ஆக வேண்டும்.

"இத்தனை வருஷம் துப்பறிஞ்சு கடைசில டீ மாஸ்டர் ஆயிட்டியேக்கா" என்று வால் மெச்சிக்கொண்டான். "வருத்தப்படாதே. இதுலயாவது யாராவது நன்றி சொல்லுவாங்க."

அக்கா வருத்தப்படவில்லை. மனசுக்குள் குதித்தார். தட்டைக் கையில் வைத்திருப்பவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு துப்பறிவாளருக்கு இதைவிட நல்ல வேஷத்தை அந்தப் பிரம்மனே தைத்துத் தர முடியாது.

முதல் வேலையாகக் கேப்டனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். டீப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. வால் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

ஆட்டத்தின் சங்கதியை அக்கா ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். திரைக்குள் ஒரு கோட்டை. தாக்குகிறவர்கள் அதற்குள் போக மூன்றே வழி. பாலம், சாக்கடை, சரக்கு வைக்கும் கிட்டங்கி. எந்த வழி என்பதுதான் திட்டமே.

"ஆளுக்கொரு பொய் சொல்லு" என்றார் அக்கா. "ரொட்டிகிட்ட இன்னிக்கு பாலம்னு சொல்லு. மீட்டர்கிட்ட சாக்கடை. தூக்கத்துகிட்ட கிட்டங்கி. தனித்தனியா, ரகசியமா. கழுகுங்க எங்க வந்து உட்காருதோ, அந்த ஆள்தான்."

வலை அத்தனை எளிமை. இதைவிடப் பெரிய திருடர்களை எல்லாம் இதைவிடச் சின்ன வலையில் அக்கா பிடித்திருக்கிறார், குறைந்தது அவர் அப்படித்தான் சொல்லுவார். கேப்டன் மட்டும் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே போனாள்.

பிறகு டீ. கூடத்தில் இரண்டு வரிசை மேசைகள். வாசல் பக்கத்து வரிசை கிட்டே. ஜன்னல் பக்கத்து வரிசைக்கு அமேசான் காட்டைத் தாண்டுகிற மாதிரி வயர்களைத் தாண்டிப் போக வேண்டும். அக்கா தன் செருப்பைப் பார்த்தார். வால் அவர் கையிலிருந்த தட்டில் பாதியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஜன்னல் பக்கம் நான் போறேன். இந்தச் செருப்போட நீ அங்க விழுந்தா உன்னைத் தூக்க கிரேன் வைக்கணும்."

தம்பி என்றால் தம்பிதான் என்று அக்கா நெகிழ்ந்துபோனார். வாய் இப்படி இருந்தாலும் மனசு வெண்ணெய்.

தன் வரிசையில் டீ கொடுத்துக்கொண்டே கண்ணால் மூன்று பேரையும் மேய்ந்தார். மீட்டர் கம்ப்யூட்டரைக்கூட மின்பெட்டி என்று நினைத்துக் கணக்கெடுக்கிற மாதிரியே உற்றுப் பார்த்தார். தூக்கம் தம்ளரைக் கையில் வாங்கி, அதை மூக்குக்கு அருகே பிடித்தபடியே உறங்கிப்போனாள். ரொட்டி, மாவு படிந்த விரல்களால் கேப்டனின் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அக்கா கொடுத்த டீயை அவளிடம் நகர்த்தி, சூடு பார்த்துக் குடி என்றான். நடிப்பு என்றால் பிரமாதமான நடிப்பு என்று அக்கா மனசுக்குள் குறித்துக்கொண்டார். துப்பறிகிறவர்களுக்கு வருகிற வியாதி அது. நல்லதைக் கண்டாலே நாலு கேள்வி கேட்கும்.

அக்கா கண்ணாலேயே, சொல்லிவிட்டாயா என்று கேட்டார். கேப்டன் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அரையிறுதி தொடங்கியது. கேப்டன் படைக்கும் கழுகுப் படைக்கும். ஆட்டத்தைப் பார்க்கச் சுவரில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். விளையாடாதவர்கள் அதன் முன்னால் கூட்டமாய் நின்றார்கள். அக்காவும் வாலும் காலித் தட்டோடு ஓரமாய் நின்றார்கள்.

அக்காவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. திரையில் புகை, ஓட்டம், வெடி. பிறகு மெல்ல மெல்ல மனிதர்கள் தெரிந்தார்கள், பிறகு கோட்டை, பிறகு பாலம். பாலத்துக்கு அடியில், ஒரே இடத்தில், நாலு கழுகுகள்.

பாலம். ரொட்டி.

அதேநேரம் கேப்டன் கடைசி நொடியில் சாக்கடை என்று கத்தினாள். நாலு பேரும் சாக்கடை வழியாகப் புகுந்து, எதிர்க்க ஓர் ஈ காக்கை இல்லாமல், கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற நிதானத்தில் கோட்டையைப் பிடித்தார்கள். கூடமே எழுந்து கைதட்டியது. முதல் சுற்று கேப்டன் படைக்கு.

அக்காவின் மூளைக்குள் சின்னதாய் ஏதோ நெருடியது. தலைக்கு மேலே பாலத்தில் எதிரி ஓடுகிற சத்தமே கேட்கவில்லையே, கழுகுகளில் ஒன்றாவது எழுந்து வேறு வழிக்கு ஓட வேண்டாமா? ஓடவில்லை. வீட்டுத் திண்டில் சாய்ந்த மாதிரி நாலும் பாலத்தடியிலேயே இருந்தன. தோற்றபின்னும் முகத்தில் தோல்வி இல்லை. கழுகுகளின் தலைவர், பெரிய கழுகு என்று பெயர், ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. அக்காவின் பக்கத்தில் ஒரு வினோதமான அமைதி. பிறந்ததிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ ஒன்று நின்றுபோன மாதிரி. ஆட்டம் நடந்த நேரம் முழுக்க வால் ஒரு நக்கல்கூட அடிக்கவில்லை.

ஆனால் வலையில் மீன் விழுந்த சந்தோஷம் இருக்கிறதே, அது நெருடலையெல்லாம் மிதித்துக்கொண்டு போகும். இடைவேளை விட்டதும் அக்கா வயர்களை மான்போலத் தாண்டி, இரண்டு தடவை மான்போலவே விழப்போய், கேப்டனைச் சமையலறைக்கு இழுத்துவந்தார். வாலும் பின்னால் வந்தான். வயர் அண்ணனிடம் மைக்கைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு வந்ததாக வாலே சொன்னான். எத்தனை பொறுப்பு.

"மனசைத் திடமா வச்சுக்கம்மா" என்றார் அக்கா. "ரொட்டிதான்."

கேப்டனின் முகம் வெளுத்தது. ஆனால் அது அக்கா எதிர்பார்த்த வெளுப்பு இல்லை. அவள் அழவில்லை. அக்காவை வெறித்துப் பார்த்தாள்.

"இல்லக்கா. அவனா இருக்க முடியாது."

"பாலத்துல உட்கார்ந்திருந்தாங்களே, நீயும் பாத்தியே."

"பாத்தேன். ஆனா நான் அவன்கிட்ட பாலம்னு சொல்லவே இல்ல" என்றாள். "மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். அவன்கிட்ட போனேன், வயரைச் சிக்கெடுத்துட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மூஞ்சியப் பாத்து பொய் சொல்ல எனக்கு வரல. நீங்க திட்டுவீங்கன்னுதான் தலையாட்டினேன்."



பாலம் என்ற சொல் ரொட்டியின் காதுக்குப் போகவே இல்லை. இந்தச் சமையலறையில் பிறந்த சொல் அது. கேட்டவர்கள் மூன்று பேர். ஒருத்தி கேப்டன். இன்னொருவர் தான். அக்காவின் புத்தி இதுவரை சரியாகத்தான் ஓடியது. மூன்றாவது ஆளிடம் வந்ததும் கால் வழுக்கியது. எழுந்தது. மறுபடி வழுக்கியது.

வால் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கிய தம்ளர்களையே கலைத்து மறுபடி அடுக்கினான்.

ஒவ்வொன்றாகத்தான் வந்து விழுந்தது. ஜன்னல் வரிசையின் கடைசி மேசை கழுகுகளுடையது. கைப்பேசி வாளியில். கழுகுகளிடம் வாயால் போய்ச் சொல்ல முடிந்தது டீ கொடுத்தவனுக்கு மட்டும். வலையென்று தெரியாதவன் சொல்லியிருந்தால் கழுகுகள் ஜெயிக்கப் பார்த்திருக்கும். வலையென்று தெரிந்தவன் சொன்னதால்தான் பாலத்தடியில் அசையாமல் உட்கார்ந்து ஒரு சுற்றைத் தோற்றுக்கொடுத்தார்கள். ஒரு சுற்று போனால் என்ன, படையிலேயே கெட்டிக்காரனான ரொட்டியின் நாற்காலி கவிழ்ந்தால் மீதி ஆட்டம் முழுக்க அவர்களுடையது. மாதாமாதம் திட்டம் வெளியே போனது எப்படி என்பதற்கு மாடிக்குப் போனால் போதும். ஓட்டையில் திணித்த துணியைப் பிடுங்கியவன் எந்தக் காற்றுக்காகப் பிடுங்கினான் என்று இப்போது தெரிந்தது.

செருப்பைப் பார்த்துத் தட்டை மாற்றிக்கொண்டானே, அதுதான் அக்காவின் தொண்டையில் எலும்பாய் நின்றது. மற்றதையெல்லாம் விழுங்கிவிடலாம் போலிருந்தது. அந்தக் கரிசனத்தை விழுங்க முடியவில்லை.

"டேய்" என்றார்.

வால் திரும்பினான். வாயைத் திறந்தான். வழக்கம்போல ஏதோ ஒன்று வெளியே வரவேண்டிய இடம். உதடு கோணி, சிரிப்பு பாதிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதுவே வாக்குமூலம்.

கதவருகில் வயர் அண்ணன் மைக்கோடு நின்றார். யார் நாற்காலியைக் கவிழ்க்க வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ரொட்டி. கேப்டன் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்தவன்.

அந்த ஒரு நிமிஷம் அக்காவுக்கு ஒரு யுகம் என்றால் அது கொஞ்சம்தான் மிகை. சும்மா இருந்துவிடலாம். தடயம் போதவில்லை என்று கையை விரிக்கலாம். கேப்டனுக்கு ரொட்டிமேல் சந்தேகம் தீர்ந்துவிட்டது, போதாதா? போதாது. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நாளைக்கு மீட்டரைப் பார்த்து, அதற்கடுத்த நாள் தூக்கத்தைப் பார்த்து, கடைசியில் மறுபடி ரொட்டியையே பார்ப்பாள். தன் தம்பியைக் காப்பாற்ற யாரோ பெற்ற மூன்று பிள்ளைகளை அக்கா சந்தேகத்தில் ஊறப்போட வேண்டும்.

மைக்கை வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தார்.

தன் பெயர் இன்னது, தொழில் இன்னது, கேப்டன் படையில் காட்டிக்கொடுத்தவர் யாரும் இல்லை, மூன்று பேரும் சுத்தம் என்று சொன்னார். குரல் ஒலிபெருக்கியில் யாருடையதோ போலக் கேட்டது. பிறகு ஒரே வாக்கியம்.

"கழுகுங்களுக்குத் தகவல் கொண்டு போனது என் தம்பி."

கூடத்தில் அத்தனை விரல்களும் விசைப்பலகைமேல் நின்றன. வால் சமையலறை வாசலில் தட்டோடு நின்றான். அக்காவைப் பார்க்கவில்லை, கழுகு மேசையைப் பார்த்தான். அங்கிருந்து ஏதோ ஒன்று வரும் என்று நம்புகிறவன் பார்க்கும் பார்வை.

பெரிய கழுகு டீத்தம்ளரைக் கீழே வைத்தார்.

"இவரா?" என்றார். "இவர் டீ கொடுக்க வந்தவர்தானே? எனக்கு இவரைத் தெரியவே தெரியாதே."

வாலின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. தம்ளர்கள் உருண்டு வயர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

பெரிய கழுகின் கதை எடுபட்டிருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு கழுகு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால். அது பாவம், வெள்ளந்திக் கழுகு. "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க, நம்ம புயலாச்சே. அடுத்த மாசத்துலேருந்து நம்ம டீமுன்னு சொன்னீங்களே" என்று உண்மையான கவலையோடு நினைவூட்டியது. கூடம் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருமியது. வயர் அண்ணன் போய், கழுகுகளின் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக, நாலு நாற்காலிகளையும் மேசைமேல் கவிழ்த்தார். வெள்ளந்திக் கழுகு மட்டும் தன் நாற்காலியைத் தானே கவிழ்த்துக் கொடுத்தது.

வாலுக்குக் கவிழ்க்க நாற்காலி இல்லை. அதனால் வயர் அண்ணன் அவன் முன்னால் வந்து வாசலைக் காட்டினார்.

கேப்டன் படை இறுதியாட்டத்துக்குப் போனது. ஆனால் படையில் ஒருவன் இன்னும் அசையவில்லை. ரொட்டி, அக்காவின் கையிலிருந்த மைக்கையும் கேப்டனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டிடெக்டிவ் வச்சுப் பாத்தியா?"

"மூணு பேரையும்தான் பாக்கச் சொன்னேன்" என்றாள் கேப்டன்.

"நான் அந்த மூணு பேர்ல ஒருத்தனா?"

கேப்டன், உன்னிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை என்பதை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அந்தக் கையை உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"முதல்ல பைனலை ஜெயிப்போம்" என்றான். "அப்புறமா உக்காந்து நல்லா சண்டை போடுவோம். நிறைய இருக்கு."

கேப்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிற்பாடு சண்டை போடத் தயாராக இருக்கிறவன் எங்கும் போய்விட மாட்டான். அந்த மட்டில் அக்காவின் கேஸ் முடிந்தது.

வெளியே வெயில் வெள்ளையாய் எரிந்தது. வால் படியில் உட்கார்ந்திருந்தான். அக்கா இரண்டு படி மேலே நின்றார். உட்காரவில்லை.

ஏன் என்று கேட்டார். ஒரு கூரியர் பையன் முகவரி சொல்வதுபோல வால் வரிசையாகச் சொன்னான். பெரிய கழுகு தற்செயலாகத்தான் ஒரு சலூனில் பழக்கமானார். அவர் வீட்டுக் கார் ஷெட்டில் விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். இவன் கை நன்றாக ஓடுகிறது என்று வியந்தார்கள். ஓட்டை வழியாகக் கேட்டதை முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். பிறகு அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

"அங்க எனக்குப் புயல்னு பேர் வச்சாங்க" என்றான். "நீ என்னை எல்லாருக்கும் எப்படிச் சொல்லுவ? இது என் வாலுன்னு சொல்லுவ. எனக்குக் கல்யாணம் பேச வந்தவங்ககிட்டகூட அப்படித்தான் சொன்ன."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டார்.

"சரி, என்மேல கோவம். அந்த ரொட்டிப் பையன் உனக்கு என்னடா பண்ணான்? அவன் கல்யாணம் நின்னுருக்குமேடா."

வால் படியில் ஒரு சிமெண்டுத் துண்டைக் காலால் உருட்டினான். தலையைத் தூக்காமல் பேசினான். குரலில் கிண்டல் கிடையாது. அந்தக் குரலில் அவன் பேசி அக்கா கேட்டதே இல்லை.

"நீ எப்ப கண்டுபிடிச்ச? காலையிலயேவா? என்னைப் பிடிக்கத்தானே அந்தப் பாலம், சாக்கடையெல்லாம்?"

"இல்ல."

"பொய் சொல்லாதக்கா. நீயும் அவளும் சேர்ந்து எனக்கு வலை விரிச்சீங்க. அவளைத் தலையாட்டச் சொன்னதே நீதான். சொல்லு, தாங்கிப்பேன்."

அக்காவுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. இத்தனை காலத் தொழிலில் இதைவிட அழகாக யாரையும் பிடித்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்ளலாம். அவனுக்கும் அது சௌகரியம். ஏமாற்றியவனை ஏமாற்றிப் பிடித்தார்கள், கணக்கு நேராகிவிட்டது.

"விரிக்கலடா" என்றார். "ஊர்ல இருக்கிற எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்ல."

வால் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

ஸ்கூட்டர் அவனுடையது, சாவி அவனிடம். அக்காவுக்கு ஓட்டவும் தெரியாது. ஆனாலும் பழக்கதோஷத்தில் வண்டியிலிருந்த தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, வாரை இழுத்துப் பூட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியைத் தாண்டி நடந்தார். முத்துமாலையும் உயரச் செருப்பும் ஹெல்மெட்டுமாய் ஒரு பெண்மணி நடுத்தெருவில் போவதைப் பார்த்து எதிரே வந்த சைக்கிள் ஒன்று சாக்கடைக்குள் இறங்கியது. அக்கா கவனிக்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தார். கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பின்னால் யாரும் வரவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனுஷன், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அம்மா, பஸ்ஸுக்கு ஹெல்மெட் வேண்டாம், கழட்டிடுங்க."

"எனக்கு வேணும்" என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடி உள்பக்கமாய் ஆவி படிந்து மங்கியிருந்ததைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்து அவர் மடியில் வைத்துவிட்டு, அடுத்த இருக்கைக்குப் போனார்.